வில்லங்கச் சான்று

போன வருஷம் மே மாதக் கடைசியில் அக்கா மகன் ஃபோன் செய்தான். "மாமா, ஒரு மவுஸ் வாங்கணும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரி திறக்கும்வரை திருமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சம்பளத்தில் அவனே வாங்கப்போகும் முதல் பொருள் இது. வயர்லெஸ் கேமிங் மவுஸ், நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஐநூறு ரூபாய்க்கு ஒயர் வைத்த மவுஸே நன்றாக வேலை செய்யுமே என்று ஆரம்பித்தேன்.

"மாமா, நீங்க வாங்கித் தரல. நான் வாங்குறேன். நல்லதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

என் கிரெடிட் கார்டுக்கு அப்போது தள்ளுபடி இருந்ததால், சோழிங்கநல்லூரில் என் முகவரிக்கே ஆர்டர் போட்டோம். பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்புகிறேன் என்று சொன்னேன். பொறியாளன் புத்தி, ஒரு நோட்டை எடுத்து மூன்று தலைப்பு எழுதிக்கொண்டேன்: பேட்டரி, விளக்கு, மென்பொருள். சென்சாரை எழுதவில்லை. இன்றைக்கு இந்த விலையில் வருகிற எந்த மவுஸின் சென்சாரும் மனிதக் கை வித்தியாசம் காணும் எல்லையைத் தாண்டிவிட்டது. பெட்டியில் போட்டிருக்கும் ஐந்திலக்க டிபிஐ எண்களை விளையாடுகிறவர்கள்கூட வைத்துக்கொள்வதில்லை, ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். ஆகவே மூன்றே தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மதிப்பெண்.

அந்த மதிப்பெண்களைப் பிறகு அடித்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

பேட்டரியிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுலபம்.

வயர்லெஸ் மவுஸின் பேட்டரியை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மேசையைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கும் சென்சார், நகர்வைக் கணினிக்குச் சொல்லும் ரேடியோ, அழகுக்கு எரியும் எல்இடி. கேமிங் மவுஸ் ஒரு விநாடிக்கு 1000 முறை தன் இருப்பிடத்தைச் சொல்கிறது. அலுவலக மவுஸுக்கு 125 முறையே போதும். இப்போது 4000, 8000 என்றெல்லாம் விற்கிறார்கள். அந்த வேகத்தில் ஓடவிட்டால் பேட்டரி நேரம் பல மடங்கு சரியும்.

விளக்குக்கு எவ்வளவு போகிறது என்பதை யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் கணக்குப் போட்டுவிடலாம். லாஜிடெக் 2018-இல் வெளியிட்ட ஜி ப்ரோ வயர்லெஸ் மவுஸுக்கு அந்த நிறுவனமே இரண்டு எண்கள் தந்தது: விளக்கை அணைத்தால் 60 மணி நேரம், எரியவிட்டால் 48. ஒரே பேட்டரி 60-க்குப் பதில் 48 மணியில் தீர்கிறது என்றால், எரியும்போது ஆகும் செலவில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு விளக்குடையது. அதே நிறுவனத்தின் ஜி305-இல் அலங்கார விளக்கே கிடையாது. ஒற்றை ஏஏ பேட்டரியில் 250 மணி நேரம் என்றார்கள்.

நான் சோதித்த மவுஸின் பெட்டியில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருந்தது. அதற்கு முன்னால் சின்ன எழுத்தில் 'வரை' என்ற பொருளில் ஒரு சொல். பெட்டியின் அடியில் இன்னும் சின்ன எழுத்தில், விளக்கு அணைந்த நிலையில் என்ற குறிப்பு. விளக்கை எரியவிட்டுப் பார்த்ததில் அந்த எண்ணில் முக்கால்வாசி கிடைத்தது. ஏமாற்று என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்தேன். எங்கள் ஊர்க் கடைகளில் படியால் அளந்த காலத்தில் தலைதட்டி அளப்பதும் உண்டு, குவித்து அளப்பதும் உண்டு. எந்த அளவு என்று முன்னாடியே பேசிவிட்டால் இரண்டுமே நேர்மைதான். இங்கேயும் பேசத்தான் செய்திருக்கிறார்கள், காதில் விழாத குரலில். பத்துக்கு ஆறு போட்டேன்.

எண்ணைவிட என்னை உறுத்தியது வேறு. லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும். வெயில் காலத்து அறைச்சூடும், எப்போதும் முழு சார்ஜில் வைத்திருப்பதும் அந்த வயதைக் கூட்டும். சில வருடங்களில் இது மாற்றப்படவேண்டிய பாகம். ஆனால் இந்த மவுஸைத் திறக்க வேண்டுமானால் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளை உரித்தால்தான் திருகாணியே கண்ணில் படும். உரித்த பட்டை மறுபடி ஒழுங்காக ஒட்டாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல் இப்படிப்பட்ட சாதனங்களின் பேட்டரியைச் சில விதிவிலக்குகளோடு பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. பேட்டரி மாற்றுவதற்கு ஏன் ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்ற கேள்வியை அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

*

விளக்கு விஷயத்தில் நான் கொஞ்சம் மமதையோடுதான் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மவுஸின் முக்கிய விளக்கு அதன் முதுகில், சரியாக உள்ளங்கை படியும் இடத்தில் இருக்கிறது. பிடித்தால் மறைந்துவிடும். கையை எடுத்தால் தெரியும். பயன்படுத்தும்போது பார்க்கவே முடியாத ஒரு அலங்காரம் என்று நக்கலாக எழுதிவைத்தேன். போதாததற்கு ஹைடெகரையும் துணைக்கு அழைத்தேன். 1927-இல் வந்த தன் புத்தகத்தில் அவர் சுத்தியலை உதாரணம் காட்டுவார். ஆணி அடித்துக்கொண்டிருப்பவனுக்கு சுத்தியல் என்ற பொருள் தனியாகத் தெரிவதில்லை, அது கைக்குள் மறைந்து வேலையாகவே ஆகிவிடுகிறது, உடைந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல மவுஸும் அப்படித்தான் இருக்க வேண்டும், கைக்குள் மறைய வேண்டியதற்கு எதற்கு ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம் நிறம்? பத்துக்கு இரண்டு.

இதை ஃபோனில் அவனிடம் படித்துக் காட்டினேன். ஹைடெகரை விட்டுவிட்டு மற்றதை மட்டும். "பேட்டரில அஞ்சுல ஒரு பங்கு வீண்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "மாமா, எனக்குன்னு இங்க ரூம் கிடையாதுல்ல. ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ஒரு மூலை. பதினோரு மணிக்கு எல்லாரும் படுத்தப்புறம் டியூப்லைட்ட அமத்திருவாங்க. அப்ப இது எரியும். கைய எடுத்துட்டு சும்மா பாப்பேன். அவ்ளோதான்."

நான் அந்த வீட்டில் பலமுறை படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஹாலில் அக்காவின் மாமியார் கட்டில். அதன் தலைமாட்டில் இரண்டாம் கையாக வாங்கிய கணினி. அந்த மூலையை எனக்குத் தெரியும். அந்த மூலைக்கு ஒரு நிறம் வேண்டியிருக்கும் என்று மட்டும் தோன்றியதில்லை.

ஹைடெகரின் சுத்தியல் யாரோ ஒருவருடைய பட்டறையில் இருக்கிறது. பட்டறை அவருடையது, ஆகவே சுத்தியல் மறையலாம். தனக்கென்று நாலடி இடம் இல்லாதவனுக்குப் பொருள் மறைவதைவிடத் தெரிவதுதான் தேவையாக இருக்கலாம். வாசலில் போடும் கோலத்துக்கும் என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை. இது எங்கள் வாசல் என்பதை அது சொல்கிறது, அது போதும். இரண்டை அடித்து எட்டு போட்டேன். போட்டதும், பத்துக்கு இத்தனை என்று போடும் என் கையின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

*

மென்பொருளுக்கு வேடிக்கையாக நல்ல மதிப்பெண்தான் கொடுத்திருந்தேன். சில நூறு எம்பி இருந்தது. கணினி தொடங்கும்போதே தானும் தொடங்கிக்கொண்டது. ஆனால் பார்க்க அழகாக இருந்தது. பொத்தான்களை மாற்றலாம், டிபிஐ மாற்றலாம், விளக்கை அலையாக ஓடவிடலாம், மூச்சு விடுவது போல ஏறி இறங்கவிடலாம். முதல் முறை திறந்தபோது கணக்கு தொடங்கச் சொன்னது. என் ஈமெயிலைக் கொடுத்தேன். ஒப்பந்தத்துக்கு 'சம்மதம்' அழுத்தினேன். இதெல்லாம் ஒரு நிமிடம். நோட்டில் எழுதக்கூட இல்லை. இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவனுக்கு அது கதவுப்படியைத் தாண்டுவது மாதிரி, கண்ணில் படாது. பத்துக்கு எட்டு.

அவனுக்குப் பிடித்த மாதிரி கருநீலமும் பச்சையும் கலந்து அலை ஓடுவதுபோல் செய்து, அந்தக் கணக்கையே அவன் கணினியிலும் போடச் சொல்லி, மவுஸை அனுப்பிவைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம் மீட்டிங்கில் இருந்தபோது நாலு முறை ஃபோன் வந்தது. எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி: "மாமா, உங்க மெயிலுக்கு ஓடிபி வந்திருக்கா?"

கணினி மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்திருக்கிறார்கள். மென்பொருள் போய்விட்டது. மறுபடி இறக்க ஃபோனின் ஒருநாள் டேட்டாவில் பாதி செலவு. திறந்தால் கணக்கு கேட்டது, புதிய கணினி என்று சந்தேகப்பட்டு என் ஈமெயிலுக்கு ஆறு எண்களை அனுப்பியது. நான் பார்த்தபோது அந்த எண்களின் காலம் முடிந்திருந்தது. மறுபடி அனுப்பச் சொன்னோம், வரவில்லை. இரவு ஒன்பதரைக்கு வந்தது. அதுவரை அவன் மவுஸ் வேலை செய்யாமல் இல்லை. நகர்ந்தது, கிளிக் ஆனது. ஆனால் கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் மவுஸ் மாதிரி வானவில் நிறங்களில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவனுடைய நிறம் மட்டும் இல்லை.

"சாரி மாமா, மீட்டிங்ல தொந்தரவு பண்ணிட்டேன்" என்றான்.

ஜெராக்ஸ் கடையில் இரண்டு மாதம் நின்று சம்பாதித்த காசு. முழு விலையும் கொடுத்தாகிவிட்டது. அதன் விளக்கு என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்பதற்கு ஒரு சர்வரின் சம்மதமும், ஐநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் மீட்டிங்கில் இருக்கிற மாமாவின் சம்மதமும் வேண்டும். தொந்தரவு கொடுத்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்கிறான்.

நான் சும்மா இருந்திருப்பேன். எல்லாருக்கும் நடப்பதுதான். சும்மா இருக்க முடியாமல் போனதற்குக் காரணம், அந்தக் கதவை எனக்குத் தெரியும் என்பது. வேறொரு இடத்தில், வேறொரு பொருளுக்கு, அப்படி ஒரு கதவை நானே செய்து மாட்டியிருக்கிறேன்.

*

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், ஃபோனிலிருந்து நிறம் மாற்றக்கூடிய பல்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. முதல் வடிவத்தில் பல்பும் ஃபோனும் வீட்டு வைஃபையிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. வெளியே யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிறகு ஒரு நாள், செயலியைத் திறந்ததும் முதலில் கணக்கு தொடங்கும் பக்கம் வர வேண்டும், அதைத் தாண்டாமல் பல்பு பக்கம் வரக்கூடாது என்று முடிவானது. காரணம் ரகசியமில்லை. பதிவு செய்த வாடிக்கையாளர் எண்ணிக்கை முதலீட்டாளர்களுக்குக் காட்ட வேண்டிய எண். அந்த வேலை என்னிடம் வந்தது. இரண்டு நாளில் முடித்தேன். நன்றாகவே செய்தேன். தப்பான ஈமெயில் கொடுத்தால் சிவப்பில் கோடு வரும், கடவுச்சொல் மறந்தால் மீட்க வழி இருக்கும்.

சில வாரம் கழித்து ஒருவர் புகார் அனுப்பினார். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அந்தப் பல்பை வாங்கி மாட்டியிருக்கிறார். அம்மாவிடம் ஈமெயில் கிடையாது. நேற்றுவரை எரிந்த பல்பின் வெளிச்சத்தை இன்று குறைக்க முடியவில்லை, தூங்க முடியவில்லை என்கிறார், என்ன செய்வது? அந்தப் புகார் என் பெயருக்கு வந்தது. எங்கள் மென்பொருளில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு: 'வடிவமைத்தபடியே இயங்குகிறது.' அதைத் தேர்ந்தெடுத்து மூடினேன். பொய் இல்லை. வடிவமைத்தபடியேதான் இயங்கியது.

அக்கா மகனின் ஓடிபிக்காகக் காத்திருந்த அந்த இரவு வரை அந்த அம்மாவை நான் நினைத்ததே இல்லை.

*

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது வேறு ஒரு காரியமாகத் தாத்தாவின் வீட்டுப் பத்திரத்தை எடுக்க வேண்டியிருந்தது. முத்திரைத்தாளில் பழைய கிரையப் பத்திரம். நம்மில் பலர் இதைக் கையில் வைத்திருக்கிறோம், படித்ததில்லை. பத்திர எழுத்தர்களின் அந்த வாய்ப்பாடு எல்லாப் பத்திரங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. தானம் கொடுக்கலாம், பண்டமாற்றாகக் கொடுக்கலாம், விற்கலாம், பேரப்பிள்ளைகள்வரை அனுபவிக்கலாம் என்று அர்த்தம். இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்று விற்கிறவர் எழுதிக்கொடுக்கிறார். கடைசியில் இன்னொன்றும்: சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் ஏதாவது தெரியவந்தால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்.

சட்டத் தத்துவத்தில் ஏ. எம். ஹொனோரே 1961-இல் 'உடைமை' என்ற கட்டுரை ஒன்றை எழுதினார். ஒரு பொருள் என்னுடையது என்றால் அது ஒற்றை உரிமை அல்ல, பல இழைகளின் கட்டு என்று சொல்லி, பதினொரு இழைகளைப் பிரித்துக் காட்டுகிறார். கையில் வைத்திருப்பது, பயன்படுத்துவது, எப்படிப் பயன்பட வேண்டும் என்று நிர்வகிப்பது, பிறருக்கு மாற்றிக்கொடுப்பது, காலக்கெடு இல்லாமல் இருப்பது என்று போகிறது அந்தப் பட்டியல். அதில் உரிமைகள் மட்டுமில்லை, பிறருக்குத் தீங்கு வராமல் பயன்படுத்தும் கடமையும் ஒரு இழை. திருமங்கலத்துப் பத்திர எழுத்தருக்கு ஹொனோரேயைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பெரும்பாலான இழைகள் அந்த முத்திரைத்தாளில் இருக்கின்றன.

மவுஸோடு நான் சம்மதம் கொடுத்த ஒப்பந்தத்தைப் போய்ப் படித்தேன். மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி தரப்படுகிறது என்று இந்த வகை ஒப்பந்தங்கள் எல்லாம் தொடங்கும். பிளாஸ்டிக்கும் பேட்டரியும் அவனுடையது. கையில் வைத்திருக்கும் இழை இருக்கிறது, பயன்படுத்தும் இழை இருக்கிறது. நிர்வகிக்கும் இழை மட்டும் அவன் கையில் இல்லை. அது அனுமதியில் தொங்குகிறது. அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, சர்வர் எவ்வளவு நாள் ஓடுகிறதோ அவ்வளவு நாள். நாளைக்கு அவன் அதை நண்பனுக்கு விற்றால் கணக்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பத்திரத்தின் மொழியில் சொன்னால், பின்தொடர்ச்சி இருக்கிறது. வில்லங்கம் உள்ள சொத்து.

இதை ஒரு கம்பெனியின் கெட்ட குணம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. விற்ற பிறகும் விற்றவரின் கை பொருளில் இருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. 2016 பிப்ரவரியில் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்று பெயரிட்டு ஒரு ஓட்டையை வெளியிட்டது. பல நிறுவனங்களின் வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்கள், தூரத்திலிருந்து ஒருவர் போலியாக அனுப்பும் விசை அழுத்தங்களைக் கணினிக்குள் விட்டன. லாஜிடெக் போன்றவர்கள் ரிசீவருக்குப் புதுப்பிப்பு அனுப்பி அதை அடைத்தார்கள். புதுப்பிக்க வழியே இல்லாமல் செய்யப்பட்ட ரிசீவர்களை வைத்திருந்தவர்களுக்குத் தூக்கிப்போடுவதைத் தவிர வழி இல்லை. ஆகவே 'விற்றாயிற்று, ஒதுங்கிக்கொள்' என்பதும் சரியில்லை.

அதே புதுப்பிப்புக் கதவு வேறு மாதிரியும் திறக்கும். 2021 ஆகஸ்டில் ஒரு ஆய்வாளர் காட்டியது இது: ரேஸர் நிறுவனத்தின் மவுஸை விண்டோஸ் கணினியில் செருகினால், அதன் மென்பொருள் நிறுவி தானாக இறங்கி, கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓட ஆரம்பித்தது. அது காட்டும் கோப்புறை தேர்வுப் பெட்டி வழியாக, எதிரே உட்கார்ந்திருக்கும் யாரும் அந்த அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள முடிந்தது. நிறுவனம் பிறகு சரிசெய்துவிட்டது. ஆனால் ஒரு மவுஸின் விளக்குகளை மாற்றுகிற மென்பொருளுக்கு அவ்வளவு அதிகாரம் தானாகக் கிடைத்திருந்தது என்பது அதனால்தான் தெரியவந்தது.

இந்த இரண்டையும் பிரிக்க எனக்கு உதவியது பத்திரத்தின் கடைசி வரிதான். விற்றவருக்கு அதற்குப் பிறகு பாத்தியம் இல்லை, ஆனால் பொறுப்பு இருக்கிறது. வில்லங்கம் வந்தால் வந்து தீர்க்க வேண்டும். தீர்க்க வேண்டிய பொறுப்பு இருப்பதால் வீட்டில் ஒரு சாவி தன்னிடம் இருக்கும் என்று அவர் சொல்ல முடியாது. சுவரில் விரிசல் விட்டால் கொத்தனார் வர வேண்டும், நியாயம். அதற்காக நாம் தினமும் கதவைத் திறக்கும்போது கொத்தனாருக்கு ஃபோன் போட்டு அனுமதி கேட்பதில்லை. மவுஸ்ஜாக் ஓட்டையை அடைத்தது பொறுப்பு. நிறம் மாற்றக் கணக்கு கேட்பது பாத்தியம். ஒரே மென்பொருள், ஒரே இணைப்பு வழியாக இரண்டும் வருவதால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை உள்ளே கொண்டுவந்துவிட முடிகிறது. நான் பல்புக்குக் கணக்குப் பக்கம் எழுதியபோதும் அறிக்கையில் எழுதிய காரணம், 'பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தெரிவிப்பதற்காக.'

2024 ஜூலையில் லாஜிடெக்கின் தலைமை நிர்வாகி ஹனெக்கே ஃபேபர் ஒரு பேட்டியில் 'என்றென்றைக்குமான மவுஸ்' என்ற யோசனையைப் பற்றிப் பேசினார். நல்ல கைக்கடிகாரம் மாதிரி தூக்கிப்போடவே வேண்டியிருக்காத மவுஸ், மென்பொருள் புதுப்பிப்புகளால் புதிதாகவே இருக்கும், அதற்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கலாம். கேட்டவர்கள் கொதித்ததும், அப்படித் திட்டம் எதுவும் இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. குப்பையைக் குறைக்கும் எண்ணம் அதில் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் தாத்தாவின் கடிகாரம் என்றென்றைக்கும் ஓடுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அதை ரிப்பேர் பார்க்க ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாவி கொடுக்கிற கை தாத்தாவுடையது.

*

அந்தத் தீபாவளி அன்று மத்தியானம், பலகாரமெல்லாம் முடிந்த பிறகு, அவன் கணினி முன்னால் இருவரும் உட்கார்ந்தோம்.

கேமிங் மவுஸ்கள் பலவற்றில் உள்ளேயே சின்ன நினைவகம் உண்டு. அதில் எழுதியதை எந்தக் கணினியில் செருகினாலும் மவுஸ் மறக்காது. அவனுடையதில் எவ்வளவு இடம் என்று பார்த்தேன். பொத்தான்கள், டிபிஐ, அசையாத ஒரே ஒரு நிறம். அலை ஓடுவது அதில் அடங்காது. அதற்கு மென்பொருள் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லினக்ஸில் லிப்ராட்பேக், பைப்பர் என்று தன்னார்வலர்கள் எழுதிய கருவிகள் இருக்கின்றன. கணக்கு, சர்வர் எதுவும் இல்லாமல் பல நிறுவனங்களின் மவுஸ்களோடு நேரடியாகப் பேசும். ஒவ்வொரு மவுஸும் ரிசீவரும் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்டு எழுதியவை பல. இவன் மவுஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

"அலை போயிரும்டா. ஒரு கலர்தான். ஆனா யாரையும் கேக்க வேணாம்" என்றேன்.

இதை எது சரி என்று நான் முடிவு பண்ணக்கூடாது என்று இந்த முறை புத்தியாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அலை உண்மையிலேயே அழகு. அதற்காகக் கணக்கைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு நியாயம்தான். கூட்டிக் கழித்துத் தெரிந்தே ஒப்புக்கொள்வது வேறு, ஒப்புக்கொண்டதே தெரியாமல் இருப்பது வேறு. முதல் தடவை 'சம்மதம்' அழுத்தியவன் நான், அவன் இல்லை.

அரை மணி நேரம் நிறம் தேடினான். கடைசியில் ஒரு வெளிர் ஆரஞ்சு. நினைவகத்தில் எழுதினோம். மென்பொருளை நீக்கினோம். என் ஃபோனில் போய் அந்தக் கணக்கை அழித்தேன். உருவாக்க ஒரு நிமிடம் ஆனது, அழிக்க இருபது நிமிடம். பிறகு ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, கணினியை நிறுத்தி மறுபடி போட்டோம். ஆரஞ்சு. ரிசீவரைப் பிடுங்கி அத்தானின் பழைய லேப்டாப்பில் செருகினோம். அங்கேயும் ஆரஞ்சு.

"இனிமே உங்களால கூட மாத்த முடியாதுல்ல மாமா?"

"முடியாதுடா."

சென்னைக்கு வந்ததும் அந்த நோட்டை எடுத்து மூன்று மதிப்பெண்களையும் அடித்தேன். இப்போது யாராவது மவுஸோ பல்போ ஃபேனோ வாங்கலாமா என்று கேட்டால், சொத்து வாங்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதுபோல் நாலு கேள்வி மட்டும் கேட்கிறேன். நெட்டை நிறுத்தினால் எதெல்லாம் நிற்கும்? கணக்கு இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? பேட்டரியை யார் மாற்ற முடியும்? நாளைக்கு இன்னொருவருக்குக் கொடுத்தால் முழுசாகக் கொடுக்க முடியுமா? பேட்டரி எத்தனை மணி, விளக்கு எத்தனை நிறம் என்பதையெல்லாம் வாங்குகிறவர் தன் ஆசைக்கும் பைக்கும் தக்கபடி பார்த்துக்கொள்வார். அதில் எனக்கு வேலை இல்லை.

என் தரப்புக் கணக்கு அவ்வளவு சுத்தமாக முடியவில்லை. அந்தப் பல்பின் கணக்குப் பக்கம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது, போன மாதம்கூட இறக்கிப் பார்த்தேன். சிவப்புக் கோடு நான் எழுதியபடியே வருகிறது. புகார் அனுப்பியவருக்கு இப்போது பதில் எழுத என்னிடம் முகவரி இல்லை. புதிய வேலையில், வடிவமைப்புக் கூட்டங்களில், "நம்ம சர்வர் நின்னா இது என்ன செய்யும்?" என்று கேட்கிறேன். மூன்று முறை கேட்டால் ஒரு முறை ஏதாவது மாறுகிறது. மற்ற இரண்டு முறையும் வடிவமைத்தபடியே இயங்குகிறது.

தீபாவளி அன்று இரவு நான் ஹாலில்தான் படுத்திருந்தேன். பதினோரு மணிக்கு முன்னாலேயே டியூப்லைட் அணைந்தது. உள்ளே இருந்து அக்கா, "லைட்ட ஏன்டா அதுக்குள்ள அமத்துன, மாமா படிச்சுக்கிட்டு இருக்காருல்ல" என்றாள். படிக்கவில்லை என்றேன். கட்டிலுக்குத் தலைமாட்டில் மேசை, மேசை மேல் ஆரஞ்சு. அவன் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.